கிட்னி பழுதானால் இதயத்துக்கு ஏன் ஆபத்து?

கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ஒரு கழிவு) ரத்தத்தில் கூடியிருக்கிறது என்று போனால் டாக்டர் பிரஷரையும் ஹார்ட்டையும் பற்றியே பேசுகிறாரே, ஏன் என்பது கேள்வி.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால், சிறுநீரகத்தில் சேதமோ வடிகட்டும் திறனில் குறைவோ 3 மாதத்துக்கு மேல் தொடர்வது. சிறுநீரகம் வெறும் சல்லடை இல்லை. உப்பையும் தண்ணீரையும் அளந்து வெளியேற்றி பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். அது தளர்ந்தால் இரண்டும் உடம்பிலேயே தங்கும், போதாததற்கு ரத்தம் குறைவாக வருகிறது என்று தப்பாக நினைத்துக்கொண்டு பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரந்து ரத்தக் குழாய்களை இறுக்கவும் செய்யும். பிரஷர் ஏறும், அந்தப் பிரஷரே சிறுநீரகத்தின் நுண்குழாய்களை மேலும் கெடுக்கும்.

போர் தண்ணீர் ஓடும் வீட்டுப் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்து குறுகிய பைப்பில் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் எவ்வளவு திணறும்? இங்கே மோட்டார் இதயம். பாஸ்பரஸ் வெளியேறாமல் சேர்வதால் ரத்தக் குழாயில் நிஜமாகவே கால்சியம் படிகிறது, இதயச் சுவர் தடித்துப்போகிறது. எல்லோரும் டயாலிசிஸை நினைத்துத்தான் பயப்படுகிறோம், ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே இதய நோயால் இறப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், இந்துப்பு போட்டால் பிரஷர் ஏறாது என்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ‘லோ சோடியம்’ உப்பிலோ பொட்டாசியம் இருக்கும், கிட்னி நோயாளிக்கு அது வெளியேறாமல் சேர்ந்து இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம்.