60% இறங்கிய பங்கை ஆவரேஜ் செய்யலாமா?

கேள்வி: நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, பசுமை ஆற்றல், புதிய தொழில்நுட்பம் சார்ந்த ஸ்மால் கேப் (சிறு கம்பெனி) பங்குகளை வாரம் ஒருமுறை அலசுவோம். அப்படிப் பேசிப் பேசியே, ஹைட்ரஜன் எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் இயந்திரம்) தயாரிக்கும் சிறு கம்பெனி ஒன்றில் என் சேமிப்பில் கால்வாசியைப் போட்டுவிட்டேன். இப்போது 60% இறங்கிக் கிடக்கிறது. "அமெரிக்காவின் சூரிய மின்கருவிக் கம்பெனி என்ஃபேஸின் பங்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தது, இறங்கிய விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணு, சராசரி விலை குறையும்" என்கிறார்கள் நண்பர்கள். மனைவிக்கு விஷயம் தெரியாது. வாங்கவா, விற்கவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கத்துக்கு ஹைட்ரஜனின் எதிர்காலம்தான்: உருக்காலை, உரம், கப்பல். எதையும் நான் மறுக்கப் போவதில்லை. கம்பெனியின் கையிருப்புப் பணம் 90 கோடி ரூபாய், காலாண்டுக்கு 15 கோடி கரைகிறது, புதிய ஆலைக்கு 40 கோடி தேவை என்ற விவரம் மட்டும் பின்குறிப்பில் ஒரே வரியில் வருகிறது. என் கண் அங்கேதான் நின்றது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆலைக்குப் போக மிச்சம் 50 கோடி. காலாண்டுக்கு 15 கோடி என்றால் பத்து மாதம் தாங்கும். அதற்குள் கம்பெனி பணம் திரட்டியே ஆகவேண்டும். லாபம் இல்லாத கம்பெனிக்கு வங்கி லேசில் கடன் தராது என்பதால் புதுப் பங்குகள்தான் வெளியிடுவார்கள். இப்போது 10 கோடி பங்குகள் இருக்கின்றன, விலை 40 என்று எழுதியிருக்கிறீர்கள். 200 கோடி திரட்ட 5 கோடி புதுப் பங்குகள் வேண்டும். நீங்கள் வாங்கிய 100 என்ற விலையிலேயே நின்றிருந்தால் 2 கோடி போதும். விலை இறங்க இறங்க அதே பணத்துக்கு அதிகப் பங்கு அச்சடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வழக்கமாகச் சந்தை விலையைவிடக் குறைத்துத்தான் வெளியிடுவார்கள், ஆகவே போவது இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இது கற்பனையான பயம் இல்லை. உங்கள் துறையிலேயே இருக்கும் அமெரிக்காவின் பிளக் பவரைப் பாருங்கள். 1999-ல் பட்டியலான கம்பெனி. 2021 ஜனவரியில் பங்கு 70 டாலரைத் தாண்டியது. மூன்றே வருடத்தில் 5 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. நடுவில், 2023 நவம்பரில், தொழிலைத் தொடர்ந்து நடத்தப் பணம் போதுமா என்பதே சந்தேகம் என்று கம்பெனியே அறிவித்தது. 2020 முடிவில் சுமார் 46 கோடியாக இருந்த பங்குகள் 2024 முடிவில் 90 கோடியைத் தாண்டிவிட்டன. 2021-ல் வாங்கி "பொறுமையாக" இருந்தவரை விலையும் அடித்தது, எண்ணிக்கையும் அடித்தது.

தொழில்நுட்பம் ஜெயித்தால் கம்பெனியும் ஜெயிக்கும் என்பது உங்கள் குழுவில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. சூரிய மின்சாரம் ஜெயித்தே விட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எவர்கிரீன் சோலார் என்ற பட்டியலான கம்பெனி 2011 ஆகஸ்டில் திவாலானது. குறைந்த சிலிக்கானில் தகடு செய்வதுதான் அதன் சாமர்த்தியம். 2008-ல் கிலோ 400 டாலரைத் தாண்டிய பாலிசிலிக்கான் (தகடு செய்யும் மூலப்பொருளான சிலிக்கான்), 2011 முடிவதற்குள் 40 டாலருக்குக் கீழே விழுந்தது. சிலிக்கானை மிச்சம் பிடித்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. சூரியத் தகடுகளை மலிவாக்கிய அதே காரணம்தான் இந்தக் கம்பெனியைச் சாய்த்தது.

அடுத்து, நீங்கள் பெருமையாக இணைத்திருக்கும் ஏழு அறிவிப்புகள். படித்தேன். ஐந்து வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தம், வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. ஒன்று "விருப்பக் கடிதம்". ஒன்றுதான் ஆர்டர், அதுவும் சோதனை ஆலைக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். மின்கட்டணமும் வட்டியும் கட்டுப்படியாகும் என்று தெரிகிறவரை, எலக்ட்ரோலைசர் வாங்குபவர் இறுதி முதலீட்டு முடிவை எடுக்கமாட்டார். அதுவரை போட்டோ எடுத்துக்கொள்வார், கைகுலுக்குவார், முன்பணம் மட்டும் கட்டமாட்டார். புது அறிவிப்பு வரும்போதெல்லாம் குழுவில் கைதட்டுவதற்கு முன், "முன்பணம் வந்ததா?" என்று ஒருவராவது கேளுங்கள்.

என்ஃபேஸ் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். 2017-ல் ஒரு டாலருக்கும் கீழே கிடந்த பங்கு, 2022 டிசம்பரில் 300 டாலருக்கு மேல் போனது. ஆனால் அதை மீட்டது வாங்கி வைத்தவர்களின் பிடிவாதம் இல்லை. 2016-ல் 18% அளவில் இருந்த மொத்த லாப விகிதம் (விற்ற பணத்தில் பொருளின் அடக்கவிலை போக மிஞ்சும் பங்கு) 2020-ல் 40% தாண்டியது. புது நிர்வாகம் பொருளின் அடக்கவிலையைக் கசக்கிப் பிழிந்தது. அந்த மாற்றம் காலாண்டு அறிக்கையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2017-ல் வாங்கத் தவறி, 2019-ல் அறிக்கையைப் பார்த்து வாங்கியவருக்கும் பல மடங்கு கிடைத்தது. உங்கள் கம்பெனி இன்னும் விற்கிற ஒவ்வொரு இயந்திரத்திலும் நஷ்டப்படுகிறது. மொத்த லாபம் மைனஸிலிருந்து பிளஸுக்கு வரட்டும், அன்று கொஞ்சம் விலை கூடக் கொடுத்து வாங்கினாலும் தப்பில்லை.

ஆகவே ஆவரேஜ் வேண்டாம். 40-லிருந்து 100-க்குத் திரும்ப 150% ஏறவேண்டும். கீழே வாங்கினால் சராசரி விலை குறையும், உண்மை. கூடவே கால்வாசியாக இருந்த பணயம் இன்னும் பெருக்கும்.

என் யோசனை, பாதியை விற்றுவிடுங்கள். மீதியைப் பற்றி ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: அடுத்த பங்கு வெளியீடு என்ன விலைக்கு வருகிறது, முன்பணத்தோடு ஆர்டர் வருகிறதா. இரண்டும் உங்களுக்குப் பாதகமாகப் போனால் மிச்சத்தையும் விற்றுவிடவேண்டும். குழுவைக் கேட்டு அந்தத் தாளைத் திருத்தக்கூடாது. பன்னிரண்டு பேரும் அதே பங்கை வைத்திருக்கிறீர்கள். "விற்றுவிடு" என்று எவர் வாயிலிருந்து வரும்? விற்றவர் யாராவது முன்பு இருந்திருந்தால், அவர் இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை என்றுதான் நினைக்கிறேன். அவரைத் தேடிப் பிடித்து ஒரு வாரம் பேசவையுங்களேன்.

விற்கும்போது ஒரே நாளில் மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு உடனே விற்கும் ஆர்டர்) போட்டுவிடாதீர்கள். வருடங்களுக்கு முன் ஒரு எரிபொருள் செல் கம்பெனியில் நானும் மாட்டியிருக்கிறேன். 2,000 பங்கு விற்கப் போனால் திரையில் வாங்க நின்றவர்கள் 300 பங்குக்குத்தான். மீதியை அவசரப்பட்டுத் தள்ளியதில் என் ஆர்டரே விலையை இறக்கியது. லிமிட் ஆர்டரில் (இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று வரம்பு வைத்து), நாளொன்றில் கைமாறும் பங்குகளில் சிறு பகுதியாக, இரண்டு மூன்று வாரம் எடுத்து விற்றுவாருங்கள்.

முதல் ஆர்டர் போடுவதற்கு முன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். பிறகு, கம்பெனியிடம் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று அவரே கேட்பார்.