கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போனால் வாசலில் நிற்க வேண்டும்

கிறிஸ்தவராக இருப்பவர் அன்றாட வாழ்க்கையில் பிறருக்கு இரக்கம் காட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவன். என் பற்று நோட்டை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கொத்து வேலைக்குப் போகும் ஒருவர் என் கடையில் 3,400 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். மழைக்காலம், வேலை இல்லை. என் முகத்தில் விழிக்கக் கூசி, சுற்றுப்பாதையில் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். ஒரு நாள் மாலை அவருடைய மகள் கையில் காசோடு கால் கிலோ சர்க்கரை வாங்க வந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். "உன் அப்பா ஒளிந்து ஒளிந்து போகிறாரே, என் பணம் எப்போது வரும் என்று கேட்டு வா" என்றேன். அவள் சர்க்கரை வாங்காமலேயே திரும்பிப் போனாள்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் என் மனைவி வாசித்தது பைபிளில் உபாகமம் என்ற புத்தகத்தின் 24ஆம் அதிகாரம். கடன் கொடுத்தவன் அடகு வாங்க மற்றவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே அதைக் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்கிறது அந்த அதிகாரம். ஏழை தன் போர்வையை அடகு வைத்தால், அவன் போர்த்திக்கொண்டு தூங்க, பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். அன்றைக்கு என்னால் தலை நிமிர முடியவில்லை. கடனை விட்டுவிடு என்று அந்த வசனங்கள் சொல்லவில்லை. ஆனால் கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு என்கின்றன. நான் அந்தப் படியைத் தாண்டியிருந்தேன், அதுவும் அவர் பெற்ற பிள்ளையை மிதித்துக்கொண்டு.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன ஒரு உவமை வருகிறது: தன் பெருங்கடனை ராஜா மன்னித்த பிறகும், இரக்கமற்ற ஊழியக்காரன் ஒருவன் தனக்குக் கடன்பட்ட உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். அதைப் பிரசங்கிக்கும்போது, அவனுக்கு வரவேண்டியிருந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு நாள் கூலி எந்தக் குடும்பத்துக்கும் பெரிய பணம்தான். அவனுக்கு ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்தோ, தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம் என்று கணக்கிட்டால், ஆறு கோடி நாள் கூலி. நமக்கு வரவேண்டியதைச் சில்லறை என்று இயேசு ஒதுக்கவில்லை. நியாயமாக வரவேண்டிய பணத்துக்கும் இன்னொருவனின் தொண்டையை நெரிக்காதே என்கிறார். நான் நாக்கால் நெரித்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "பணம் இன்னும் சேரவில்லை, அண்ணாச்சி" என்றார்.

"பணத்துக்கு வரவில்லை, தம்பி. நேற்றுப் பிள்ளையிடம் பேசியது தப்பு. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். அவள் வெளியே வரவில்லை.

அதிலிருந்து பாக்கியைப் பற்றிப் பிள்ளைகளிடம் நான் பேசுவதே இல்லை. பெரியவர்களிடமும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்கிறேன். பற்றுக் கொடுக்க முடியாவிட்டால் அதையும் தனியாக அழைத்துச் சொல்கிறேன். கடையில் வேலை செய்யும் பையனின் கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுக்கச் சொல்வதும் அதே உபாகமம் 24தான்.

அவர் இருநூறும் முந்நூறுமாகக் கொடுத்து, போன கிறிஸ்மஸுக்கு முன்பே கணக்கைத் தீர்த்துவிட்டார். இப்போதும் கடைக்கு வருகிறார், நின்று பேசுகிறார். மகள் மட்டும் இன்னும் அடுத்த தெருக் கடைக்குத்தான் போகிறாள்.