அ-வை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, யு.கே.ஜி. படிக்கிறான். அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் சொல்வான். எழுத உட்கார்ந்தால் மட்டும் அழுகை. பள்ளியில் தினமும் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். கையைப் பிடித்து எழுத வைக்கிறேன். கையை விட்டால் அ இடம் வலம் மாறித் திரும்பி நிற்கிறது. இ வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை, நாம் கொடுக்கும் வரிசையில் இருக்கிறது. அ, ஆ, இ என்பது ஒலிக்காக அமைந்த வரிசை. வாய்க்கு அது சரி, கைக்குச் சரிவராது. நீங்களே ஒரு அ-வை மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து பெரிய வளைவு, திரும்பி வந்து குறுக்கே ஒரு கோடு, கடைசியில் ஒரு நெட்டுக்கோடு. இ இன்னும் மோசம். மணிக்கட்டு எலும்புகளே முழுதாக வளர்ந்து முடியாத வயதில் இதைத்தான் முதல் பாடமாக வைக்கிறோம்.

ட-விலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அதையே மேலே ஏற்றினால் ப. ப-வின் வலது கையை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ம. மூன்றும் வந்ததும் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுங்கள். (புள்ளி வைப்பதில் பிள்ளைகளுக்குத் தனி சந்தோஷம். பேப்பர் கிழியும், விட்டுவிடுங்கள்.) இப்போதே படம், பட்டம், மட்டம் எழுதிவிடலாம். துணைக்காலைச் சேர்த்தால் மாமா, பாப்பா, மாடம். அந்தக் காலுக்குக் கீழே ஒரு வால் போட்டால் ர; மரமும் பம்பரமும் வந்துவிடும். ர-வையும் காலையும் சில நாள் மாற்றி மாற்றிப் போடுவான், பரவாயில்லை.

இதையெல்லாம் நோட்டில்தான் பழக வேண்டும் என்றில்லை. விஜயதசமி அன்று அரிசியில் விரலால் எழுத வைக்கிறோம், மறுநாளே தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். அந்தத் தட்டை வெளியே எடுங்கள். அரிசிக்குப் பதில் ரவை பரப்பினால் கோடு இன்னும் தெளிவாக விழும். எழுதும்போது "கீழே, பக்கத்தில், மேலே" என்று அவனே வாய்விட்டுச் சொல்லட்டும். அடுத்து சிலேட்டு. அதன் சொரசொரப்பு கை வழுக்கி ஓடாமல் பிடித்துக்கொள்ளும். பல்பத்தைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் தின்றவர்கள்தான், இருந்தாலும்.

கையைப் பிடித்து எழுத வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அப்போது எழுதுவது நீங்கள். அவன் கை சும்மா கூட வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் பெரிதாக, மெதுவாக எழுதிக் காட்டுங்கள். அவனுக்கு முழுப் பென்சில் வேண்டாம், கட்டைவிரல் நீளத் துண்டு போதும். துண்டை முஷ்டியால் பிடிக்க இடம் இருக்காது, விரல்கள் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

திரும்பி நிற்கும் எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறேழு வயது வரை இது சாதாரணம். ரப்பரை எடுக்காமல், எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே ஒரு பச்சைப் புள்ளி வைத்துக் கொடுங்கள். இடது கைக்காரன் என்றால் கையை மாற்றாதீர்கள். நோட்டைச் சற்று இடப்பக்கம் தள்ளி, அதன் மேல்பகுதியை வலது பக்கம் சாய்த்து வைத்தால் போதும்.

வீட்டுப்பாடம்தான் சிக்கல். மிஸ்ஸிடம் நேரில் போய், "ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று வரி எழுதி அனுப்புகிறேன், அழாமல் எழுதிய மூன்று வரி" என்று சொல்லிப் பாருங்கள். பல மிஸ்கள் ஒத்துக்கொள்வார்கள்; பக்கக் கணக்கு அவர்களுக்கும் மேலிருந்து வருவதுதான்.

தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்க வந்தால் ஒரு எச்சரிக்கை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் படித்தவர்கள் லை, னை எல்லாவற்றையும் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்போடு எழுதிக் காட்டுவார்கள். புத்தகத்தில் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்துப் பையன் குழம்புவான்.

சரி, அ-வுக்கு எப்போது வருவது? வட்டத்தை ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து மூடத் தெரிந்ததும் வரலாம். அதற்குள் ம், மா, ப், பா எல்லாம் கைக்கு வந்திருக்கும். அம்மா, அப்பா இரண்டிலும் அவனுக்குப் பாக்கி அந்த அ ஒன்றுதான்.