ஆம்புலன்ஸ், தீயணைப்பு வீரர்களைத் தடுத்ததாக முதல் மிஸ்டிமீனர் வழக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர் நான். அவசர உதவிக்கு வந்தவர்களுக்கு இடையூறு செய்ததாக முதல்முறையாக மிஸ்டிமீனர் (சிறிய வகைக் குற்றம்) வழக்கில் மாட்டியவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள்தான். உங்கள் வழக்கின் காகிதங்களைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மாநிலத்து வழக்கறிஞர்.

கேள்வி (கலிஃபோர்னியா): மேடம், அம்மா மயங்கி விழுந்ததும் நான்தான் 911-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸில் ஏற விடவில்லை என்று பதற்றத்தில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து இழுத்துவிட்டேன். போலீஸ் வந்து பீனல் கோடு (தண்டனைச் சட்டம்) 148 என்று எழுதி சைட்டேஷன் (கோர்ட்டுக்கு வரச் சொல்லும் சீட்டு) கொடுத்தது. எச்-1பி விசாவில் இருக்கிறேன். கோர்ட்டின் முதல் தேதியிலேயே தப்பை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இன்று வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்: முதல் தேதியில் 'கில்ட்டி' சொல்லாதீர்கள்.

148(a)(1) என்பது அரசு அதிகாரி, போலீஸ், அவசர மருத்துவப் பணியாளர் ஆகியோரை வேண்டுமென்றே எதிர்ப்பது, தாமதப்படுத்துவது, தடுப்பது. 1000 டாலர் வரை அபராதம், கவுண்டி சிறையில் ஒரு வருடத்துக்கு உட்பட்ட தண்டனை, அல்லது இரண்டும். முதல் வழக்கு, யாருக்கும் காயமில்லை என்றால் சிறைக்குப் போகும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் அபராதத்தோடு முடிந்தாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை என ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் தேதியில் 'நாட் கில்ட்டி' என்று சொல்வது பொய் சொல்வதாகாது. 'நிரூபியுங்கள்' என்றுதான் அதற்குப் பொருள். 'வேண்டுமென்றே' செய்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அம்மா கண்முன் மயங்கிக் கிடக்கும்போது ஸ்ட்ரெச்சரைப் பிடித்தது தடுப்பதற்காகவா, கூடவே போவதற்காகவா என்பது வாதாட வேண்டிய கேள்வி. அதற்கான சான்று உங்கள் 911 அழைப்பின் ஒலிப்பதிவிலும் போலீஸின் உடல் கேமராவிலும் இருக்கலாம். இவற்றை அழித்துவிடக் கூடாது என்று உங்கள் வழக்கறிஞர் உடனே எழுத்தில் கேட்க வேண்டும். பதிவுகளைக் கொஞ்ச காலம்தான் வைத்திருப்பார்கள்.

அப்புறம், 2021 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில் 1001.95 என்ற பிரிவு இருக்கிறது. பெரும்பாலான மிஸ்டிமீனர் வழக்குகளில், அரசுத் தரப்பு எதிர்த்தாலும் நீதிபதியே டைவர்ஷன் (வழக்கை நிறுத்திவைத்து நிபந்தனைகள் விதிக்கும் ஏற்பாடு) தரலாம். அதிகபட்சம் 24 மாதம். சொன்ன நிபந்தனைகளை முடித்தால் வழக்கு தள்ளுபடி. குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு இதன் அருமை. முதல் தேதியில் அபராதம் கட்டினால் இந்தக் கதவை நீங்களே சாத்திவிடுகிறீர்கள்.

அம்மா நலமாகட்டும்.

கேள்வி (டெக்ஸாஸ்): பக்கத்து வீட்டில் தீ. தீயணைப்பு வீரர்களைப் பார்த்துக் கத்தினேன், அவ்வளவுதான். கையே வைக்கவில்லை. இதற்கும் வழக்கா?

பதில்: வழக்குப் போட முடியும், ஆனால் உங்களிடம் நல்ல எதிர்வாதம் இருக்கிறது. அரசுப் பணிக்கு இடையூறு செய்வது பற்றிய டெக்ஸாஸ் பீனல் கோடு 38.15 'கிளாஸ் பி' மிஸ்டிமீனர்: 180 நாள் வரை சிறை, 2000 டாலர் வரை அபராதம். அங்கே வேண்டுமென்றே தடுத்ததாகக் காட்ட வேண்டியதில்லை, கடுமையான கவனக்குறைவே போதும். அதற்கு ஈடாக, இடையூறு வெறும் பேச்சு மட்டும் என்றால் அதுவே தற்காப்பு என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் கத்தியபடியே ஹோஸ் குழாயின் குறுக்கே நின்றீர்களா? பின்னால் போகச் சொல்லியும் போகாமல் இருந்தீர்களா? அப்படியென்றால் 'வெறும் பேச்சு' நிற்காது. இதற்கான பதிலை இங்கே எழுதாதீர்கள். வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எங்கள் ஊரில் இதை மிஸ்டிமீனர் என்றே சொல்வதில்லையே? கண்டிஷனல் டிஸ்மிஸல் தருகிறோம் என்கிறார்கள், ஒரு வருடத்தில் கேஸ் போய்விடுமாம். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

பதில்: ஆமாம், அங்கே அது 'டிஸார்டர்லி பெர்சன்ஸ்' குற்றம், ஆறு மாதம் வரை சிறை. பெயர் எதுவானாலும் குடிவரவுச் சட்டத்தின் பார்வை தனி. கண்டிஷனல் டிஸ்மிஸலில் சேர முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது குற்றவாளி என்று நீதிமன்றம் கண்டிருக்க வேண்டும். மாநிலத்தின் கணக்கில் பிறகு வழக்கு தள்ளுபடி ஆகும். ஆனால் குற்ற ஒப்புதலும் அதோடு ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ சேர்ந்தால், மத்தியக் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகவே எண்ணும். டெக்ஸாஸின் 'டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்' (ஒப்புக்கொண்டபின் தீர்ப்பைத் தள்ளிவைப்பது) இதே பொறி. நம் ஆட்கள் இந்த இரண்டில்தான் அதிகம் விழுகிறார்கள். கையெழுத்திடும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சாதாரண இடையூறு வழக்கு, குடிவரவுச் சட்டம் கடுமையாகப் பார்க்கும் 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்ற வகையில் பொதுவாக வராது. அதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம், அடிதடியும் சேர்த்து எழுதப்பட்டால் நிலைமை மாறும்.

கேள்வி: பார்க்கிங் டிக்கெட்டை எதிர்த்து…

பதில்: இன்றைய விஷயம் இல்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் வழிமுறை இருக்கும்.

கேள்வி (நியூயார்க்): அக்கா, அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இதயம் நின்றால் சிபிஆர் (மார்பை அழுத்தி இதயத்தை இயக்க முயல்வது) வேண்டாம் என்று அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு மூச்சு நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் 911-ஐ அழைத்துவிட்டார். நான் அறை வாசலில் நின்று வந்தவர்களை உள்ளே விடவில்லை. இப்போது அரசுப் பணியைத் தடுத்ததாகப் பீனல் லா 195.05 வழக்கு.

பதில்: தங்கை, முதலில் என் அனுதாபங்கள். இது 'கிளாஸ் ஏ' மிஸ்டிமீனர், 364 நாள் வரை சிறை. இந்தப் பிரிவில் வெறும் பேச்சு போதாது, உடலால் ஏதாவது இடையூறு இருக்க வேண்டும். வாசலில் நின்றதை அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

அப்பாவின் 'மோல்ஸ்ட்' படிவமோ (எந்தச் சிகிச்சை வேண்டாம் என்ற மருத்துவர் உத்தரவு), மருத்துவமனைக்கு வெளியேயும் செல்லுபடியாகும் டிஎன்ஆர் (சிபிஆர் செய்ய வேண்டாம்) உத்தரவோ வீட்டில் இருந்ததா? இருந்தால் அசலைப் பத்திரப்படுத்தி வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டாலும் புற்றுநோய் மருத்துவரின் குறிப்புகளில் அவர் விருப்பம் பதிவாகியிருக்கலாம். முதல் வழக்கில் 'ஏசிடி' (தள்ளுபடியை எதிர்நோக்கி வழக்கைத் தள்ளிவைப்பது) கேட்க இது வலுவான காரணம். அதில் ஒப்புதல் கிடையாது. பெரும்பாலும் ஆறு மாதம் தள்ளிவைத்து, பிரச்சினை இல்லையென்றால் தள்ளுபடி செய்து பதிவை மூடுவார்கள்.

இடையில் ஒரு மருத்துவர்: நோயாளியின் விருப்பம்தானே இறுதியானது? அந்தப் பெண் அப்பாவின் உரிமையைக் காத்தார். குற்றம் ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸில் வரும் மருத்துவப் பணியாளர்) பக்கம்தான்.

பதில்: டாக்டர், சிகிச்சையை மறுக்கும் உரிமையை உச்ச நீதிமன்றமே 1990-இல் க்ரூஸான் வழக்கில் ஏற்றுப் பேசியிருக்கிறது. அதில் நமக்குள் சண்டையில்லை. ஆனால் வாசலில் நிற்கும் ஈ.எம்.டி.க்கு அந்தப் பெண் யார், அப்பா என்ன சொன்னார் என்று எப்படித் தெரியும்? அவர் கையில் இருப்பது சில நிமிடங்கள். உத்தரவுத் தாள் இல்லையென்றால் தொடங்குவதுதான் அவருக்கு இடப்பட்ட விதி.

மருத்துவர்: ஆஸ்பத்திரியில் குடும்பத்தின் வார்த்தையை நாங்கள் தினமும் ஏற்கிறோம். ஹெல்த் கேர் ப்ராக்ஸி எதற்கு இருக்கிறது?

பதில்: ஆஸ்பத்திரியில் நீங்கள் விசாரித்து, கோப்பைப் பார்த்து, பிறகு மருத்துவர் என்ற முறையில் உத்தரவு எழுதுகிறீர்கள். அந்த உத்தரவுதான் சிகிச்சையை நிறுத்துகிறது. ப்ராக்ஸி என்பது யார் முடிவெடுக்கலாம் என்று சொல்லும் தாள். மோல்ஸ்ட் என்பது என்ன செய்யக் கூடாது என்று மருத்துவர் கையெழுத்திட்ட உத்தரவு. கலிஃபோர்னியாவில் அதன் பெயர் போல்ஸ்ட். ஈ.எம்.டி. பின்பற்றுவது இரண்டாவதைத்தான். பல குடும்பங்கள் ப்ராக்ஸி மட்டும் எழுதிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கின்றன. உங்கள் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது அந்தப் படிவத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்து, வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இந்த வழக்கே வந்திருக்காது.

இன்னொருவர்: அப்படியானால் அந்தச் சகோதரி குற்றவாளி என்கிறீர்களா?

பதில்: இல்லை. என் மனதுக்கு அவர் மீது வழக்குப் போட்டதே தவறு. ஆனால் என் மனது நீதிமன்றம் இல்லை. தடுக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. 'அப்பா சொன்னதைத்தான் செய்தேன்' என்று போலீஸிடம் விளக்கினால் எண்ணம் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். அதே வாக்கியத்தை அவர் வழக்கறிஞர் மருத்துவக் குறிப்புகளோடு அரசு வழக்கறிஞரிடம் வைத்தால், வழக்கைக் கைவிடக் காரணமாகலாம். தங்கை, யார் அழைத்தாலும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். இதோடு இந்த விவாதத்தை நிறுத்திக்கொள்கிறேன், கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: எனக்கு மிராண்டா (மௌனமாக இருக்கவும் வழக்கறிஞர் கேட்கவும் உரிமை உண்டு என்ற எச்சரிக்கை) வாசிக்கவே இல்லை. கேஸ் தள்ளுபடி ஆகுமா?

பதில்: ஆகாது. காவலில் வைத்து விசாரித்தபோது நீங்கள் சொன்னதைப் பயன்படுத்தத் தடை கேட்கலாம், அவ்வளவே. சும்மா மௌனமாக இருப்பதும் போதாது. 'பேச விரும்பவில்லை, வழக்கறிஞர் வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: விசாவில் இருப்பவர்களுக்குப் பப்ளிக் டிஃபெண்டர் (வசதியில்லாதவர்களுக்கு அரசு தரும் வழக்கறிஞர்) கிடைப்பாரா?

பதில்: கிடைப்பார். பார்ப்பது வருமானத்தை, குடியுரிமையை அல்ல. 2010-இல் பதில்லா (Padilla) என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், குற்ற ஒப்புதலால் குடிவரவில் என்ன ஆகும் என்று உங்கள் வழக்கறிஞர் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கேளுங்கள், தயங்காதீர்கள்.

கேள்வி: காட்டுத்தீயை ட்ரோனில் படமெடுத்தேன். விமானம் எதுவும் பக்கத்தில் இல்லை.

பதில்: உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் தீயில் ஒரு ட்ரோன் தண்ணீர் வீசும் விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. விமானம் தரையிறக்கப்பட்டது, எரியும் வீடுகளுக்குத் தண்ணீர் குறைந்தது. ஓட்டியவர் மீது மத்திய அரசின் மிஸ்டிமீனர் வழக்கு வந்தது. அவசரப் பணிக்கு இடையூறு செய்வது பற்றிய கலிஃபோர்னியாவின் பீனல் கோடு 402-உம் ட்ரோனைக் குறிப்பிட்டே சொல்கிறது. படத்தை எங்கும் பதிவிடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். அழித்தால் சான்றை அழித்ததாக வேறு வழக்கு வரலாம்.

கேள்வி: சின்ன கேஸ்தானே மேடம், ஒப்புக்கொண்டால்…

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒப்புக்கொண்டு, பிறகு எக்ஸ்பஞ்ச் செய்தால் (பதிவை நீக்கச் செய்தால்) விசாவுக்குத் தெரியாதுதானே?

பதில்: தெரியும். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கைதானதையே கேட்கிறது. சைட்டேஷன் மட்டும் கொடுத்திருந்தாலும் அது கைதாகக் கொள்ளப்படலாம். குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும் மூடப்பட்ட பதிவைச் சொல்ல வேண்டும். மறைத்தால் சின்ன வழக்கு பொய்ச் சாட்சியமாக வளரும்.

கேள்வி: அந்தத் தீயணைப்பு நிலையத்துக்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்கட்டுமா?

பதில்: போகாதீர்கள். அவர்கள் இப்போது உங்கள் வழக்கின் சாட்சிகள். மனதில் இருப்பதைக் கடிதமாக எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள், எப்போது தருவது என்று அவர் முடிவு செய்வார்.

கேள்வி: கோர்ட் தேதியில் இந்தியாவில் இருப்பேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று நினைத்துப் போனால் வாரண்ட் வரும், திரும்பும்போது விமான நிலையத்திலேயே நிறுத்தப்படலாம். பல மாநிலங்களில் மிஸ்டிமீனருக்கு வழக்கறிஞரே உங்களுக்காக ஆஜராக முடியும். டிக்கெட் போடும் முன் அவரிடம் கேளுங்கள்.