சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு நம்மால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: தண்டனை முடிந்து சிறையிலிருந்து வருகிறவர்கள் மறுபடியும் எல்லோரையும் போல வாழ, என்னைப் போன்ற சாதாரண ஆள் என்ன உதவி செய்ய முடியும்?

விடுதலையாகி வருகிறவர்களுக்குத் துணை நிற்கும் ஒரு தன்னார்வக் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களால் நிறையவே முடியும். எங்களிடம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "அவங்களுக்கு கவுன்சலிங் கொடுக்கலாமா, நாலு நல்ல வார்த்தை சொல்லலாமா?" என்றுதான் கேட்பார்கள். அறிவுரை உள்ளேயே வேண்டிய மட்டும் கிடைத்துவிடுகிறது. வெளியே வந்த பிறகு கிடைக்காதது, அரசு அலுவலக வரிசையில் கூட நிற்க ஓர் ஆள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அடையாள அட்டை எடுக்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். வீடு கிடைத்தால்தான் முகவரி. வீட்டுக்காரர் அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் கேட்பார். வேலை கொடுப்பவர் வங்கிக் கணக்கு எண் கேட்பார். கணக்கு தொடங்க கைபேசி எண் வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். சிம் வாங்கப் போனால் மறுபடியும் அடையாள அட்டை. எங்கே தொடங்கினாலும் அந்த ஒரு அட்டையில் வந்து நிற்கும். கைதான அன்று சட்டைப்பையில் இருந்த பழைய அட்டையோ காலாவதியாகியிருக்கும், இல்லாவிட்டால் விசாரணைக்கும் தண்டனைக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோயிருக்கும். பல ஆண்டுகள் மற்றவர்கள் சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்ன இடத்தில் நின்று பழகிய ஒருவர் இந்தச் சுற்றுக்குள் தனியாகப் போய் விழுந்தால், மூன்றாவது கவுன்டரில் மனம் விட்டுப்போகிறது. இந்த விதிமுறைகள் தெரிந்த, கோபப்படாமல் "அடுத்து எங்கே போகணும்?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலை நடக்கும்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 108-வது விதி இதைத்தான் பேசுகிறது. வெளியே வருகிறவர்களுக்கு உரிய ஆவணங்கள், தங்க இடம், வேலை, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கான செலவு, ஆரம்ப நாட்களை ஓட்டக் கொஞ்சம் பணம் ஆகியவை கிடைக்கும்படி, உதவி செய்யும் அமைப்புகள் முடிந்தவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் உடையும் இருக்கிறது, பருவத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற உடை. கோடையில் கைதானவர் அதே மெல்லிய சட்டையோடு குளிர்காலத்தில் வாசலுக்கு வந்து நிற்பதைப் பார்த்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

உங்களுக்கு நேரம் குறைவு என்றால், இருக்கிற நேரத்தை முதல் இரண்டு வாரங்களுக்குக் கொடுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறந்துபோகும் அபாயம் மற்ற மக்களைவிடக் கிட்டத்தட்ட 13 மடங்கு. முதன்மையான காரணம் போதைப்பொருள். உள்ளே இருந்த காலத்தில் உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. அதேபோல மனநலத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், கையில் கொடுத்தனுப்பியது எத்தனை நாளுக்கு வரும் என்று முதல் நாளே கேளுங்கள். அது தீர்வதற்குள் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட வேண்டும்.

எந்தக் கிழமை வெளியே விடுகிறார்கள் என்பதில்கூட விஷயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் வெளியே வந்தால் அடுத்த இரண்டு நாள் எந்த அலுவலகமும் திறந்திருக்காது. தங்க இடமும் இல்லை, மருந்தும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்றால் கால் பழைய கூட்டாளியின் வீட்டுக்குத்தான் போகும். இங்கிலாந்தில் இதற்காகவே 2023-ல் ஒரு சட்டம் வந்தது. வெள்ளியோ விடுமுறைக்கு முந்தைய நாளோ விடுதலையாக வேண்டியவர்களை ஓரிரு வேலை நாள் முன்னதாகவே அனுப்ப அது வழி செய்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டால், அந்த வார இறுதிக்கு நீங்களே ஏற்பாடாக இருக்கலாம்.

அப்புறம் வேலை. ஒருவருடன் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியது நன்றாக நினைவிருக்கிறது. பெயர், பிறந்த தேதி எல்லாம் மளமளவென்று எழுதினார். "கடைசியாகப் பார்த்த வேலை" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "சார், உடம்பு சரியில்லாம இருந்தேன்னு போட்டுடட்டுமா?" என்றார். உள்ளே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். சமையற்கூடத்தில் இருந்திருக்கிறார். விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்து, சரக்கு இருப்பையும் நோட்டில் எழுதி வந்திருக்கிறார். "அதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்றார். அதை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுத வைத்தேன். பிறகு நேர்முகத்தில் சொல்ல ஒரு பதில் தயார் செய்தோம்: "ஒரு வழக்கில் தண்டனை பெற்று சிறையில் இருந்தேன். தண்டனை முடிந்துவிட்டது. அங்கே பெரிய சமையற்கூடத்தில் வேலை பார்த்தேன், இந்த வேலை எனக்குத் தெரியும்." முதல் தடவை சொன்னபோது தரையைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல, கடைசி வாக்கியத்தில் குரல் தானாகவே தெளிந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், உடனே இப்போது என்ன செய்யத் தெரியும் என்பதற்கு வந்துவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறோம். மறைத்து வாங்கிய வேலை, விஷயம் தெரிகிற அன்று போய்விடும்.

நன்றாகப் பதில் சொன்னாலும் கதவு திறக்கும் என்று உறுதியில்லை. டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் செய்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்றுபோலக் காட்டிய இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிறை சென்றதாகச் சொல்லாத வெள்ளையர்களுக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, சொன்னவர்களுக்கு 17. கறுப்பினத்தவரில் சொல்லாதவர்களுக்கு 14, சொன்னவர்களுக்கு 5. குற்றப் பின்னணியே இல்லாத கறுப்பின இளைஞரைவிட, சிறை சென்ற வெள்ளை இளைஞருக்கு வாய்ப்பு அதிகம். தண்டனை முடிந்த பிறகும் தண்டனை தொடர்கிறது, அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் தொடர்வதில்லை.

2004-ல் கலிஃபோர்னியாவில், சிறை சென்று திரும்பியவர்களே நடத்திய ஓர் அமைப்பு, விண்ணப்பத்தில் "குற்ற வழக்கு உண்டா?" என்ற கட்டத்தையே எடுத்துவிடக் கோரி இயக்கம் தொடங்கியது. பல மாநிலங்கள் எடுத்தும்விட்டன. நல்ல விஷயம்தான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் பிற்பாடு நடந்த சில ஆய்வுகளில், கட்டம் போன பிறகு நிறத்தையும் பெயரையும் வைத்து முதலாளிகள் தாங்களாகவே யூகிக்க ஆரம்பித்தது தெரியவந்தது. அதனால் சட்டத்தோடு விட்டுவிடாமல், தெரிந்த முதலாளி ஒருவரிடம் நேரில் போய், "இவரை எனக்குத் தெரியும், ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்" என்று நீங்கள் சொல்வது முக்கியம். நான் பார்த்தவரை எங்கள் குழு மூலம் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை இப்படி ஒருவர் வாய்விட்டுச் சொன்னதால் கிடைத்தவைதான். தயங்குகிற முதலாளிக்குச் சொல்ல ஒரு தகவலும் உண்டு. ஆறேழு ஆண்டுகள் எந்த வழக்கிலும் சிக்காமல் இருந்துவிட்டால், பழைய குற்றவாளி மறுபடி தவறு செய்யும் வாய்ப்பு மற்றவர்களுடையதை நெருங்கிவிடுகிறது என்று 2006-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆறேழு ஆண்டைத் தாண்ட வைப்பதுதான் வேலை.

வீட்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அவர் இல்லாத காலத்தில் மனைவி எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருப்பார். குழந்தைக்கு அவர் போட்டோவில் பார்த்த ஆள். வந்த அன்றே பழைய அதிகாரத்தை எடுத்துக்கொள்ள நினைத்தால் சண்டைதான். குழந்தையைப் பள்ளியில் விட்டுவருவது போல ஒரே ஒரு பொறுப்பை ஏற்று, அதைத் தவறாமல் செய்யச் சொல்வோம். மற்றது மெல்ல வரும்.

பயமாக இருக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1994-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்த ஒருவர் தண்டனை முடிந்து வெளியே வந்தபோது ஊரே கொதித்தது. மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவர் தன் சபையிலிருந்து சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு சிறு குழு அமைத்தார். அடிக்கடி சந்தித்தார்கள், அவருக்கு உதவினார்கள், அவர் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. மறுபடி அதே குற்றம் நடப்பது குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. நட்பும் கண்டிப்பும் சேர்ந்தே இருந்தால்தான் இது பலிக்கும். எனவே தனியாக இறங்காதீர்கள், ஒரு குழுவோடு சேருங்கள். அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: யாரைப் பார்க்கக் கூடாது, எங்கே போகக் கூடாது, எந்த நாளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய தொகை கடன் கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் அவர் சார்பாகப் போய் மன்னிப்புக் கேட்கிற வேலையை எடுத்துக்கொள்ளவே கூடாது. அவர்கள் அமைதியாக வாழ்வது உங்கள் நல்லெண்ணத்தைவிடப் பெரிது.

குற்றத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். அவரை எப்போதும் வாங்குகிறவராகவே வைத்திருக்கவும் வேண்டாம். சான்ஃபிரான்சிஸ்கோவில் 1971-ல் தொடங்கிய டெலன்சி ஸ்ட்ரீட் அமைப்பில், சிறையிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டு வந்தவர்கள் உணவகம், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித்தரும் நிறுவனம் என்று தொழில்களை நடத்திவந்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் வந்தவர் அடுத்து வந்தவருக்குச் சொல்லித்தருகிறார். எங்கள் சிறிய குழுவிலும் அடையாள அட்டை வரிசைக்குப் புதியவர்களை இப்போது கூட்டிப்போவது, முன்பு அதே வரிசையில் நின்றவர்கள்தான். எந்த கவுன்டரில் என்ன கேட்பார்கள் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் தொடங்குவதாக இருந்தால், உங்கள் பகுதியில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடமே முதலில் கேளுங்கள்.