வீட்டுப் பள்ளிக்கு என்ன புத்தகம்? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கும் சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். ஒன்பது வயது மகனையும் ஆறு வயது மகளையும் இந்த ஜூன் முதல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று நானும் கணவரும் ஜெபித்து முடிவெடுத்திருக்கிறோம். பிள்ளைகள் விசுவாசத்தில் வளர வேண்டும் என்பதே நோக்கம். எங்கள் ஜெபக்குழுவில் எல்லோரும் அமெரிக்காவிலிருந்து வரும் கிறிஸ்தவ வீட்டுக்கல்விப் பெட்டியைப் பரிந்துரைக்கிறார்கள். ஓராண்டுப் பாடம் முழுவதும் அதில் இருக்குமாம். தபால் செலவையும் சேர்த்தால் கணவரின் இரண்டு மாதச் சம்பளம் ஆகிறது. தமிழில் இப்படி எதுவும் இல்லையா? பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமத்தை வாசிப்பதே கடினமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஜெ., கோயம்புத்தூர்

*

அன்புள்ள ஜெ.,

பெட்டியை வாங்காதீர்கள். பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அத்தகைய பாடத்திட்டங்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கணக்கும் ஆங்கில இலக்கணமும் ஒழுங்காகவே இருக்கின்றன. சரித்திரப் பாடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1620இல் மேஃபிளவர் கப்பலேறி அமெரிக்கா போனவர்களைப் பற்றிப் பிள்ளை விரிவாகப் படிக்கிறான். அதே 1620இல் தரங்கம்பாடியில் டேனியர்கள் கோட்டை கட்டினார்கள். அந்தக் கரையில்தான் 1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கினார். தமிழ் வாத்தியார் ஒருவரை அவருடைய மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்து கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் அச்சிட்டும் முடித்தார். அவர் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் இருக்கிறது. அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். மேஃபிளவரை அறிந்து தரங்கம்பாடியை அறியாமல் வளரும் பிள்ளைக்கு, விசுவாசம் என்பது வேறு யாருடைய ஊரிலோ நடந்த கதையாகத்தான் படும். உங்கள் நோக்கத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

தமிழில் எதுவும் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்திட்டமாகத் தொகுத்து யாரும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துப் பாருங்கள். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். குறத்தி குறிசொல்லும் நாடகத்துக்குள் உலகத்தின் நாடுகளையும், சூரியனைச் சுற்றிவரும் கோள்களையும் கொண்டுவந்து பாடியிருக்கிறார். தேவனுடைய படைப்பைப் பாட வேண்டுமானால் படைப்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இன்று சில கிறிஸ்தவப் பாடநூல்கள் விஞ்ஞானத்தைக் கண்டு மிரளுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சாவூரில் ஒரு விசுவாசியிடம் அந்த மிரட்சி இல்லை. விஞ்ஞானத்துக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூலே போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு 104ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

சாஸ்திரியாரின் ஞானத்தச்ச நாடகம் நோவாவின் பேழையைப் பற்றியது. ஆதியாகமம் தரும் அளவு நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. மகனை ஒரு மைதானத்துக்கு அழைத்துப்போய் அவன் கை முழத்திலேயே அகலத்தையாவது அளக்கச் சொல்லுங்கள். அன்றைய கணக்குப் பாடம் அதுதான்.

வேதாகமம் கடினமாக இருப்பது, பிள்ளைகளைத் தனியாக வாசிக்கச் சொல்வதால். நீங்கள் உரக்க வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம், நிகழ்ச்சிகள் வேகமாக நகரும். இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆசிரியை சொன்ன முறையை அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல இன்றும் பின்பற்றுகின்றன. ஒருமுறை மட்டும் வாசித்து, கேட்டதைப் பிள்ளையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவைப்பது, சிறியவர்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்ப்பது, நாள்தோறும் மரம் செடிகளுக்கிடையே நடக்கவிடுவது. இதற்குப் பெட்டி எதுவும் தேவையில்லை. குடும்ப ஜெபத்தில் மனப்பாட வசனத்தோடு ஒரு கீர்த்தனையையும் ராகம் பிசகாமல் கற்றுக்கொடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பள்ளியிலிருந்து நிறுத்துவது பயத்தினால் என்றால் வேண்டாம். பிற சமயத்தார் எழுதியதைப் படித்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று அலமாரியைப் பூட்டும் வீடுகளைக் கண்டிருக்கிறேன், வேதனையாக இருக்கிறது. 1894இல் இரட்சணிய யாத்திரிகம் தந்த கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறியவர். ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் ப்ராகிரஸ்’ என்ற ஆங்கிலக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்க அந்தப் படிப்புதான் அவருக்குக் கைகொடுத்தது. வீரமாமுனிவர் குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனுக்குக் கொண்டுபோனார். போப் ஐயர் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தார். இவர்களில் யாருடைய விசுவாசமும் அதனால் குறையவில்லை. உங்கள் மகன் தினம் ஒரு குறள் படிக்கட்டும். கம்பனுக்கும் கிருஷ்ணபிள்ளைக்கும் பதின்மூன்று, பதினான்கு வயது வரை காத்திருங்கள். இப்போதைக்கு பன்யனின் கதையை உரைநடையில் கொடுத்தால் போதும். சென்னை பார்க் டவுனில் இருக்கும் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளையே அழைத்துப்போய்ப் புத்தகம் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். பெட்டிக்கு ஆகும் பணத்தில் சிறு பங்குகூடச் செலவாகாது.

தேர்வைப் பற்றி இப்போதே அஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. பதினான்கு வயது நிறைந்தவர்கள் அதன் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழ் வழியிலும் எழுதலாம். மகனுக்குப் பன்னிரண்டு ஆகும்போது பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், அதற்கேற்பக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் இறுக்கிக்கொள்ளலாம். அதுவரை மாலை நேரங்களில் இருவரையும் தெருப் பிள்ளைகளோடு விளையாட அனுப்புங்கள். ஞாயிறு பள்ளி நண்பர்கள் மட்டும் போதாது.