சோவியத் யூனியன் உடைந்ததும் ரஷ்யாவில் ஒரே நாளில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டதா?

இல்லை. காலி அலமாரியைக் காட்டி, அடுத்த காட்சியில் நிரம்பி வழியும் சூப்பர் மார்க்கெட்டைக் காட்டும் வீடியோ ஏதாவது பார்த்திருப்பீர்கள். இடைப்பட்ட வருஷங்களில் மாஸ்கோவில் மருத்துவம் படித்தவன் நான். அந்த வருஷங்களை யாரும் பேசுவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

பழைய அரசுக் கடைகள் பலவற்றில் கவுண்டரில் நின்று விலை கேட்க வேண்டும். பிறகு காசாளரிடம் வரிசையில் நின்று பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீதோடு மறுபடி கவுண்டர் வரிசை. 1991 கடைசியில் வரிசை இருந்தது, பொருள் இல்லை. அரசு விலையை அடிமாட்டு விலையாக வைத்திருந்ததால், வந்த சரக்கும் கொல்லைப்புற வழியாகத் தெரிந்தவர்களுக்குப் போய்விடும்.

1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். சரக்கு மெல்ல வெளியே வந்தது, ஆனால் விலை ஏறிய வேகத்தில் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. அதே மாதக் கடைசியில், யாரும் கிட்டத்தட்ட எங்கும் விற்கலாம் என்று ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஆணை போட்டார். மெட்ரோ வாசல்களில் பனியில் வரிசையாக மனிதர்கள் நின்றார்கள். கையில் ஒரு பால் டப்பா, ஒரு ஜோடி செருப்பு, அவ்வளவுதான் கடை. நாங்கள் உருளைக்கிழங்கு வாங்கிய பாட்டி, குளிரில் உறைந்துவிடாமல் மூட்டையைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்திருப்பார். எடை போடும்போது மட்டும் கையுறையைக் கழற்றுவார். விடுதிப் பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் இருந்தது இவர்களால்தான். அப்புறம் பெட்டிக்கடைகள் பெருகின. குனிந்து பேச வேண்டிய சின்ன ஜன்னல், உள்ளே ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டும் வோட்காவும்.

உடனே "கம்யூனிச எதிரி" என்று வராதீர்கள். அந்த சோவியத் அரசின் உதவித்தொகையில்தான் படிக்கப் போனேன். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியபோது ஒரு மருத்துவமனை நேர்காணலில் "காசு கொடுத்து வாங்கின பட்டமா?" என்று கேட்டார்கள். தகுதி பார்த்துத் தேர்வாகி, புது மொழி கற்று, அந்த மொழியிலேயே தேர்வு எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா அது? இன்றும் ஆறவில்லை.

சரி, சூப்பர் மார்க்கெட். மாஸ்கோவில் பெரெக்ரியோஸ்தோக் என்ற சூப்பர் மார்க்கெட் சங்கிலி 1995இல் வந்தது, ஆனால் சாதாரணக் குடும்பங்கள் வெகுகாலம் சந்தையிலும் பெட்டிக்கடையிலும்தான் வாங்கின. 1998இல் ரூபிள் சரிந்து இறக்குமதிச் சரக்கு எட்டாக்கனி ஆன பிறகுதான் மலிவு விலைச் சங்கிலிக் கடைகளுக்குக் காலம் பிறந்தது. பியாதெரோச்கா என்ற சங்கிலி 1999இல் வந்தது, பிரான்சின் ஓஷான் 2002இல். நீங்கள் படிப்புக்காகக் கேட்கிறீர்கள் என்றால், 1992க்கும் 1998க்கும் நடுவில் தெருவில் விற்றவர்களைப் பற்றித் தேடுங்கள்.